துண்டுக்குள் சொன்ன வருமானம்

கரிசக்குளம் மாவட்டம் பணக்கார மாவட்டமாகிவிட்ட சங்கதி, அந்த மாவட்டத்து ஜனங்களுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. நல்லிச்சத்திரம் தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 1995ஆம் வருஷத்தோடு ஒப்பிட, 2049இல் இந்த மாவட்டத்தின் நடுக்குடும்ப வருமானம், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும், மூன்று மடங்கு கூடியிருக்கிறது. ஆகவே பின்தங்கிய மாவட்டங்களுக்கான நிதி வருகிற ஏப்ரலோடு நிற்கும். ஆகவே ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவின் பன்னிரண்டு படுக்கைகளும் மூடப்படும். மக்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

கமருதீன் அதை இரண்டு தடவை படித்தார்.

"பணக்காரனாகிட்டேன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிருந்தா, நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துருப்பேன்ல, மாப்ள" என்றார்.

அவர் வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் பன்னிரண்டு படுக்கையில் ஒன்றில் நாலு மணி நேரம் படுத்துக்கிடப்பவர். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையில் தரகர். பக்கத்தில் நின்ற சங்கையா அவருடைய பால்ய சிநேகிதர், எழுபத்தொன்பது வயது, மனைவியை இழந்து ஒன்பது வருஷம். மதங்கள் வேறு என்றாலும் இருவரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரில் யார் மாமன் என்ற தகராறு அறுபது வருஷமாகத் தீராததால் வந்த ஏற்பாடு அது.

சங்கையாவின் அப்பாவும் மாட்டுத் தரகர்தான். ஆனால் சங்கையா பட்டம் படித்து, இருபத்தைந்து வயதில் சர்க்காரின் வருமானக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். 1995இல் சைக்கிளில் இருபத்தோரு ஊர் சுற்றி, அறுநூற்றுப் பதின்மூன்று வீட்டு வாசலில் நின்று, "வருஷத்துக்கு என்ன வருமானம் வருது?" என்று கேட்டு எழுதியவர் அவர். நோட்டீஸில் இருந்த 'மூன்று மடங்கு' என்பதில் அடிமடங்கு அவர் கைப்பட எழுதியது.

அடுத்த வாரம் ஆட்சேபணை கேட்கும் கூட்டம் நடந்தது. மேடையில் சென்னையிலிருந்து வந்த பெண் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் மெர்லின் சுகந்தி, நாற்பத்தைந்து வயது, நாகர்கோவில் பக்கம். எல்லாரும் அழுது, திட்டி முடித்த பிறகு கமருதீன் எழுந்தார்.

"மேடம், அன்னைக்கு எங்க ஊருகள்ல எவனும் உண்மையான வருமானத்தை வாயால சொன்னது கிடையாது. கேக்கிறது கவர்மெண்டு. பக்கத்துல நின்னு காது குடுக்கிறது பங்காளி. இந்த ரெண்டு பேருக்கும் தெரியக்கூடாத ஒரு விஷயத்தை எவன் சத்தமாச் சொல்லுவான்? உண்மையெல்லாம் துண்டுக்குள்ள சொன்னது. அது இந்தா உக்காந்திருக்கானே சங்கையா, இவன் கையில இருக்கு."

சங்கையா தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்து நாலு வருஷமாகக் காப்பாற்றிய தொழில் ரகசியத்தை, மைக்கைப் பிடித்து மாவட்டத்துக்கே அவிழ்த்துவிட்டார் மாப்பிள்ளை.

மறுநாள் காலையில் மெர்லின் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"துண்டுக்குள்ளன்னா என்ன சார்?"

சங்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக் காட்டினார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவனும் தரகனும் துண்டுக்கு அடியில் கைகோர்த்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் பத்து. ஆயிரமா நூறா என்பதை மாட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"கணக்கெடுக்கப் போன முதல் ஊர்லயே எனக்குப் புரிஞ்சு போச்சு, தாயி. மாடி வீட்டுக்காரன் பத்தாயிரம்னான். அடுத்த வீட்டுக் குடிசைக்காரன், அவனே பத்துன்னா நான் எட்டுன்னு சொல்றதுதான் மரியாதைன்னு எட்டுன்னான். எல்லாரும் ஏலத்தைக் கீழ்நோக்கி விட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம்தான் துண்டைப் போட்டுக் கையை நீட்டுனேன். அவ்வளவுதான், மூச்சு விடாம உண்மையைச் சொல்லிட்டாங்க. வாயால சொன்னா அது வாக்குமூலம். விரலால சொன்னா அது வியாபாரம். வியாபாரத்துல எங்க ஆளுங்க பொய் சொல்ல மாட்டாங்க."

"அப்ப ஏன் சார் அந்த உண்மையை எழுதல?"

"துண்டுக்குள்ள சொன்னதை வெளியில சொல்றவன் மறுநாள் சந்தைக்குள்ள கால் வைக்க முடியாது. படிவத்துல வாய்க் கணக்கை எழுதினேன். கைக் கணக்கு கையோட போச்சு."

மெர்லின் அதைக் குறிப்பேட்டில் எழுதப் போய் நிறுத்தினார். பிறகு சிரித்துவிட்டார். "அன்னைக்குச் சொன்னது பொய். இன்னைக்கு எல்லாம் வங்கி வழியா வர்றதால மறைக்க வழியில்லை, உண்மை. பொய்க்கும் உண்மைக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைத்தான் எங்க ஆபீஸ்ல வளர்ச்சின்னு நோட்டீஸ் அடிச்சிருக்கோம்."

"நல்ல லாபம்தான்" என்றார் சங்கையா.

"அந்த எண்ணெல்லாம் ஞாபகம் இருக்கா சார்?"

"அறுநூறு எண்ணை எவன் ஞாபகம் வச்சிருப்பான்? எண் ஒண்ணுகூட இல்ல. ஆனா கைகள் இருக்கு. ஒவ்வொரு கையும் இருக்கு."

அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே இருந்தன. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் பெண்களுடைய புருஷன்மார், பருத்திக் காட்டுக்காரர்கள், பனையேறிகள், வாத்தியார்கள். அந்த வயதில் அவர் நல்ல வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய், ஊருக்கு ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, அன்று பிடித்த கைகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ வேலை பார்த்தார். அத்தனை பேர் நம்பிக் கையைக் கொடுத்த வேலை வேறு வாய்க்கவில்லை.

மெர்லின் பையிலிருந்து கறுப்பாக ஒரு கையுறையை எடுத்து வைத்தார். மெல்லிய கம்பிகள் ஓடிய, முழங்கை வரை வருகிற உறை. இலாகா அதற்குத் தொடுநினைவு மீட்பான் என்று ஒன்றரை முழத்துக்குப் பெயர் வைத்திருந்தது. ஆபீஸில் எல்லாரும் உறை என்றுதான் சொல்வார்களாம்.

"இதைப் போட்டுக்கிட்டு நீங்க அந்த வீட்டைப் பத்திப் பேசினாப் போதும். அந்தக் கை உங்க விரலை எப்படிப் பிடிச்சதுன்னு மூளையில பதிஞ்சிருக்கிறதை இது அப்படியே எடுத்துரும். எண்ணை நாங்க படிச்சுக்குவோம்."

"படிச்சுட்டு?"

"அதைச் சொல்லத்தான் வர்றேன். சட்டப்படி சொல்லணும், சட்டம் இல்லைன்னாலும் சொல்லிருப்பேன். ஒரு நினைவை மேல கொண்டுவரும்போது அது இளகும். இளகும்போதுதான் உறை அச்சு எடுக்கும். மறுபடி இறுகும்போது பழையபடி இறுகாது. நடந்தது தெரியும், தொட்டது தெரியாது."

"விளங்கலயே, தாயி."

"சின்ன வயசுல ஐஸ் தின்னீங்கன்னு தெரியும். சில்லுன்னு இருந்தது போயிரும்."

சங்கையா தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு வியாபாரத்துக்கு உட்கார்ந்தார். ரத்தத்தில் ஊறியது எங்கே போகும்?

"எத்தனை வீடு வேணும்?"

"அறுநூத்திப் பதிமூணும்."

"முன்னூறு தர்றேன்."

"சார், இது சந்தை இல்ல."

"நீ வேணும்னு கேக்கிற, எங்கிட்ட இருக்கு. சந்தைக்கு வேற என்ன வேணும்? சராசரி பாக்கப் போறீங்க, முன்னூறு போதாதா?"

"சராசரி இல்ல சார், நடு வீடு. எல்லா வீட்டையும் வருமான வரிசையில நிறுத்தி, சரியா நடுவுல நிக்கிற வீட்டோட வருமானம். சராசரின்னா ஒரு மில் முதலாளி ஊருக்குள்ள வந்தாலே எல்லாரும் பணக்காரனாகிருவாங்க. நடு வீடு அப்படி ஏமாறாது."

"அப்ப இன்னும் வசதியாப் போச்சு. நடு வீட்டை மட்டும் எடுத்துக்க. ரெண்டு ஓரத்தையும் எனக்கு விட்டுரு."

"எது நடுன்னு எல்லாரையும் வரிசையில நிறுத்தினாத்தானே சார் தெரியும்?"

சங்கையா அந்தப் பதிலை ரசித்தார். எதிராளி கெட்டிக்காரி என்றால் பேரத்துக்கு ஒரு ருசி வருகிறது. நானூறுக்கு ஏறினார், ஐந்நூறுக்கு ஏறினார். காபி வந்தது. அறுநூறில் ஒரு அரைமணி நேரம் நின்றார். அறுநூற்றுப் பத்து என்றார். கடைசியில் அறுநூற்றுப் பன்னிரண்டில் கையைக் கட்டிக்கொண்டார்.

"அந்த ஒரு வீடு எது சார்?"

"அது வீட்டு விஷயம்" என்றார் சங்கையா.

கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். தினமும் காலையில் முப்பத்து நாலு வீடு, பதினெட்டு நாள்.

உறையை மாட்டியதும் சங்கையா பேச ஆரம்பிப்பார். செவல்காட்டில் ஒரு பனையேறி, உள்ளங்கை சொரசொரவென்று உலர்ந்த கருப்பட்டி மாதிரி இருக்கும், ஆனால் பிடி பூனை குட்டியைக் கவ்வுகிற மாதிரி மெதுவான பிடி. மூக்கையா வாத்தியார், விரல் இடுக்கில் சாக்பீஸ் மாவு, வருமானத்தைச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தட்டுவது போல் மணிக்கட்டில் தட்டுவார். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் பதினெட்டு என்று அழுத்தினார். சங்கையா ஒத்துக்கொண்டு தலையாட்டியதும் ஆளுக்கு முகம் மாறிவிட்டது. உடனே ஒத்துக்கொள்கிறானே, குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று பயந்துபோய் இருபதாக ஏற்றிவிட்டார். தன் வருமானத்தைத் தானே பேரம் பேசி உயர்த்திக்கொண்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

மெர்லின் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, "அடுத்த வீடு சார்" என்பார். அதற்குள் முந்தைய வீடு போயிருக்கும்.

போவது வலிக்கவில்லை. அதுதான் சங்கையாவுக்குச் சங்கடமாக இருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் பனையேறியின் கையை நினைத்துப் பார்த்தார். சொரசொரப்பு என்ற வார்த்தை வந்தது, சொரசொரப்பு வரவில்லை. யாரோ சொல்லக் கேட்ட கதை மாதிரி இருந்தது. கடையைக் காலி செய்த பிறகு சுவரில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குமே, அப்படி.

எண்பத்தெட்டாவது வீடு கமருதீனுடையது. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் சங்கையா. கமருதீனின் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு உன்னைக் குடுத்துட்டேன்."

"எவ்வளவு சொல்லிருந்தேன் மாப்ள?"

"இருபத்தாறு."

"கூடச் சொல்லிருக்கேன். பொண்ணு பாத்துக்கிட்டு இருந்த சமயம். உன் மூலமாப் பரவட்டும்னு நினைச்சிருப்பேன்." ஊசி ஏறாத கையை நீட்டினார். "புதுசா ஒண்ணு பிடிச்சுக்க. ஸ்டாக் தீந்துறக் கூடாது."

சங்கையா பிடித்துக்கொண்டார். தோல் காகிதம் மாதிரி இருந்தது.

பதினெட்டாம் நாள் அறுநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. மெர்லின் கணக்கைப் போட்டுக் காட்டினார். வாய்க் கணக்குப்படி 1995இன் நடு வீட்டுக்கு வருஷ வருமானம் ஒன்பதாயிரத்து அறுநூறு. கைக் கணக்குப்படி இருபதாயிரத்துச் சொச்சம். அடி உயர்ந்ததும் ஐம்பத்து நாலு வருஷ வளர்ச்சி மூன்று மடங்கிலிருந்து ஒன்றரை மடங்குக்கு இறங்கிவிட்டது. இரண்டு மடங்குக்குக் கீழே இருந்தால் நிதி நிற்காது.

"அப்ப ஆஸ்பத்திரி தப்பிச்சுதா?"

"இல்ல சார்." மெர்லின் திரையைத் திருப்பினார். சிவப்பில் ஒரு வரி: தொகுப்பு முழுமையற்றது. கணக்கெடுப்பாளர் மறைத்த வீடு: ஒன்று.

"ஒண்ணுதானே, தாயி. நடு வீடு ஏமாறாதுன்னு நீதானே சொன்ன?"

"கணக்கு ஏமாறாது. அந்த ஒரு வீடு கோடீஸ்வரனா இருந்தாலும் பிச்சைக்காரனா இருந்தாலும் பத்து இருபது ரூபாய்க்கு மேல அசையாது. விதிதான் அசைய மாட்டேங்குது. ஒரு வீட்டை மறைச்ச ஆள் மத்ததையும் மாத்திருக்கலாமேன்னு நிதியை நிறுத்தச் சொல்ற தரப்பு கேக்கும். நாள் பூரா கெஞ்சிப் பாத்தேன் சார், மேல ஒத்துக்கல. வீட்டுக்காரங்க தொகை சொல்லாம விட்டிருந்தாப் பரவாயில்ல, அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு. கணக்கெடுத்தவர் ஒளிக்கறதுக்குக் கட்டம் கிடையாது."

"நான் வாயால சொல்றேன். நாலாயிரம்னு போட்டுக்க."

"வாயால சொன்னதாலதானே சார் இவ்வளவு தூரம் வந்தோம்."

சங்கையா எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அந்த அறுநூற்றுப் பதின்மூன்றாவது வீடும் செவல்காட்டில்தான் இருந்தது. வீட்டுக்காரருக்கு மாடு முட்டிக் கால் ஒடிந்து உள்ளே கட்டிலில் கிடந்தார். வாசலில் நின்று பதில் சொன்னது அவருடைய மகள், குருவம்மாள். காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். சேலையில் பருத்திச் சுளை ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் அவசரமாக வந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள்.

"வருஷத்துக்கு நாலாயிரம்" என்றாள் குருவம்மாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

காலையிலிருந்து முப்பது வீட்டில் செய்த பழக்கம். சங்கையா ஒன்றும் யோசிக்காமல் துண்டைப் போட்டுக் கையை நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் எதிரில் நிற்பது கல்யாணமாகாத பெண் என்பது மண்டையில் ஏறியது. சந்தையில் வளர்ந்தவனைத் தவிர வேறு எவனும் அப்படியொரு தப்பைச் செய்திருக்க மாட்டான். சுவரோரம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கையை இழுத்துக்கொண்டால் தப்பு செய்ததாக ஆகிவிடும், இழுக்காவிட்டால் செய்துகொண்டிருப்பதாக ஆகும்.

குருவம்மாள் அவரையும் பார்த்தாள், துண்டையும் பார்த்தாள். பிறகு, தரகரிடம் மாடு விற்கிற தோரணையில், கையைத் துண்டுக்குள் விட்டாள்.

என்ன தொகை சொன்னாள் என்று சங்கையாவுக்குத் தெரியவில்லை. பருத்திக் காய் கீறிய கோடுகள் தெரிந்தன. சுண்டுவிரல் நுனி காய்த்திருந்தது தெரிந்தது. அந்த வெயிலிலும் அந்தக் கை குளிர்ந்திருந்தது தெரிந்தது. எண் எதுவும் மண்டைக்குப் போகவில்லை. படிவத்தில் வாய்க் கணக்கை எழுதிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அடுத்த ஊர் வரை நடந்துபோனார். மிதிக்கலாம் என்பதே மறந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து, இரண்டு ஊரிலும் வாய் ஓய்ந்த பிறகு, கல்யாணம் நடந்தது.

நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். "அன்னைக்கு எவ்வளவு சொன்ன?"

"சொல்லும்போது கேக்காத ஆளுகிட்ட ரெண்டாம் தரம் சொல்ல மாட்டேன்" என்பாள். சாகும்வரை சொல்லவில்லை.

அவள் போன பிறகு, தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், சங்கையா நாற்காலியில் சாய்ந்து வலது கையின் மேல் துண்டைப் போட்டுக்கொள்வார். கண்ணை மூடினால் கை வந்துவிடும். மற்ற ஞாபகங்களில் அவளுடைய முகம் கலங்கலாகிவிட்டது, குரலில் பாதி போய்விட்டது. கடைசி மாதத்து ஆஸ்பத்திரி நாட்கள் பழைய நாட்களின் மேல் படிந்துவிட்டன. இந்த ஒன்று மட்டும் இருபத்தொரு வயதில் அப்படியே இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். கமருதீனுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது.

"எனக்காகக் குடுக்காத மாப்ள. என் கிட்னிக்கு என் தங்கச்சி கையா விலை? வேண்டாம். எண்பது வயசு உடம்பு, தேய்மானம் போக என்ன பெறும்?"

"உனக்காகன்னு எவன் சொன்னான்?"

"பின்னே இங்க எதுக்கு வந்து உக்காந்திருக்க?"

சங்கையா சுற்றிப் பார்த்தார். பன்னிரண்டு படுக்கை. ஜன்னலோரம் ஒரு மினிபஸ் கண்டக்டர், முப்பது வயது இருக்கும், போனில் மனைவியிடம் அரிசி வாங்குவதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பெண் மருதாணி வைத்த கையில் ஊசியோடு தூங்கினாள். ஏப்ரலுக்குப் பிறகு இவர்கள் தொண்ணூறு கிலோமீட்டர் போக வேண்டும், வாரம் மூன்று தரம். போக முடிந்தவர்கள் போவார்கள்.

"அந்தப் படுக்கைக்காரி யாரு?" என்று கேட்டார்.

"செவல்காடு. பனையேறி பேத்தியாம். எதுக்குக் கேக்கிற?"

"சும்மாதான்."

கமருதீன் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். தரகர் கண். விலை படிந்துவிட்டது என்பது தெரிந்ததும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் மெர்லின் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். சங்கையா எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"சார், நான் வற்புறுத்தல. அதை நான் எழுதியே தர்றேன்."

"தெரியும். மாட்டு."

"இதுக்குப் பதிலா உங்களுக்கு ஏதாவது..."

"விலை பேசுற சரக்குக்குத்தான் பேரம். இது வெறுமனே குடுக்கிறது. மாட்டு, தாயி."

உறை முழங்கை வரை ஏறியது. "வீட்டைப் பத்திப் பேசுங்க" என்றார் மெர்லின். சங்கையா பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மெர்லினும் வற்புறுத்தவில்லை. மற்ற வீடுகளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு உறையின் விளக்கு அணைந்தது.

சங்கையா கண்ணைத் திறந்தார். செவல்காடு ஞாபகம் இருந்தது. பருத்திச் சுளை, கட்டிலில் கிடந்த மாமனார், சுவரோரம் நின்ற பெண்கள், எல்லாம் வரிசையாக இருந்தன. அவளைத் துண்டுக்குள் தொட்டது ஒரு செய்தியாக இருந்தது. பேப்பரில் வந்த செய்தி மாதிரி, தேதி, ஊர்ப் பெயரோடு.

வலது கையை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு சொல்லிருக்கா?"

மெர்லின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருமுறை ஓடவிட்டார். மறுபடியும் ஓடவிட்டார்.

"தொகை இல்ல சார்."

"உறைக்குப் படிக்கத் தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. ரொம்பத் தெளிவா இருக்கு. முதல்ல உங்க நாலு விரலைச் சேர்த்துப் பிடிக்கிறாங்க. நாலுன்னு நினைச்சேன். நாலுன்னா பிடிச்சுட்டு விடணும்ல, இல்ல அடுத்த எண்ணுக்குப் போகணும். போகல. அழுத்தல, தட்டல, விரலை மாத்தல. எண்ணுன்னு எதுவுமே சொல்லல அவங்க. சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்காங்க."

சங்கையா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப அந்தக் கட்டத்துல என்ன போடுவ?"

"வருமானம் தெரிவிக்கப்படவில்லை. விதி அதை ஏத்துக்கும். தொகுப்பு முழுமையாயிருச்சு." திரையில் சிவப்பு வரி போயிருந்தது. "ஆஸ்பத்திரி நிக்கும் சார்."

"காலிக் கட்டத்துக்கா போச்சு அது" என்றார் சங்கையா. குறையாகச் சொல்லவில்லை. வியாபாரம் முடிந்த பிறகு கணக்கை ஒருமுறை சொல்லிப் பார்க்கிற குரல்.

மெர்லின் அவர் கையிலிருந்து உறையைக் கழற்றினார்.

"எப்படிப் பிடிச்சிருந்தா? காட்டு."

மெர்லின் தயங்கினார். பிறகு தன் இடது கையைச் சங்கையாவின் கையாக நீட்டி வைத்து, வலது கையால் அதைப் பிடித்துக் காட்டினார். பெருவிரல் மேலே, மற்ற நாலும் அடியில், சுண்டுவிரல் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் மடங்கியிருந்தது. கிணற்றுக்குள் இறங்குகிறவன் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி இறுக்கமும் இல்லை, சபையில் கைகொடுக்கிற மாதிரி தளர்வும் இல்லை. சங்கையா குனிந்து பார்த்தார். யாருடைய கல்யாணப் போட்டோவையோ பார்க்கிற மாதிரி, நல்லாயிருக்கு என்பது போலத் தலையாட்டினார்.

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷத்துக்கு மேல."

"அந்தப் பொம்பளைங்க பாத்துக்கிட்டு நிக்கையிலயா?"

"பொம்பளைங்க வேற நின்னாங்களா சார்?"

சங்கையாவின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. "யாரு முதல்ல கையை எடுத்தது? நானா, அவளா?"

மெர்லின் பதிவைக் கடைசிவரை நகர்த்தினார். ஓரம் வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் ஓரம் வரை போனார்.

"அது இதுல இல்ல சார்" என்றார். "முழுசாப் பாத்துட்டேன். கையை எடுத்த இடமே இல்ல."